பள்ளி வாசல் திறந்தாச்சு, வேன் எங்கே?

சிறப்புத் தேவை உள்ள எந்தப் பிள்ளையையும் பள்ளி திருப்பி அனுப்பக் கூடாது என்பதுதான் ஜீரோ ரிஜெக்ட் கொள்கையின் சாரம். கல்வி அமைச்சு இதை 2019ஆம் ஆண்டு முதல் நடைமுறைக்குக் கொண்டு வந்தது. அதற்கு முன்பு, "எங்க பள்ளியில வசதி இல்ல, வேற இடம் பாருங்க" என்ற பதிலைக் கேட்டு அலைந்த பெற்றோரை நம்மில் பலருக்குத் தெரியும். ஆகவே இந்தக் கொள்கை வந்ததை நான் குறை சொல்லவில்லை.

என் குறை வேறு. இந்தக் கொள்கை பள்ளி வாசலில் தொடங்குகிறது. பிள்ளையின் பள்ளி நாளோ வீட்டு வாசலில் தொடங்குகிறது. இடையில் இருக்கும் அந்தப் பயணம் யார் பொறுப்பு என்று கேட்டால், 'அது பெற்றோர் பாடு' என்பதுதான் நடைமுறையில் கிடைக்கும் பதில்.

முதலில் ஆவணங்களைப் பார்ப்போம். மலேசியக் கல்வி மேம்பாட்டுத் திட்டம் 2013–2025, சிறப்புத் தேவை மாணவர்களில் 75 விழுக்காட்டினரை 2025க்குள் இணைப்புக் கல்வியில் சேர்க்க இலக்கு வைத்தது. எத்தனை பேர் பதிவானார்கள் என்று அந்த இலக்கு எண்ணும். எத்தனை பேர் தினமும் வந்து சேர முடிகிறது என்று எண்ணாது. 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் (சட்டம் 685) 28வது பிரிவு கல்வி உரிமையைப் பேசுகிறது. கட்டட வசதி, கருவிகள், கற்றல் கற்பித்தல் பொருள்கள், போதனை முறை, பாடத்திட்டம் ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. பயணம் அந்தப் பட்டியலில் இல்லை. 'மற்ற ஆதரவுகள்' என்ற பொதுச் சொல்லுக்குள் நாம்தான் அதைத் தேட வேண்டும். அதற்கு முந்திய 27வது பிரிவு பொதுப் போக்குவரத்தைப் பற்றியது. பள்ளி வேனோ பெற்றோரும் ஓட்டுநரும் பேசி முடித்துக்கொள்ளும் தனியார் ஏற்பாடு. இரண்டு பிரிவுக்கும் நடுவில் உள்ள சந்தில் நம் பிள்ளை நிற்கிறான்.

"அதான் மாசாமாசம் காசு கொடுக்கிறாங்களே" என்று சிலர் சொல்லலாம். உண்மைதான். சிறப்புக் கல்வி மாணவருக்கு மாதம் 150 ரிங்கிட் அலவன்ஸ் உண்டு. அது போக்குவரத்துக்கென்று கொடுக்கும் பணம் அல்ல; எல்லாத் தேவைக்கும் அதுவேதான். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வேன் கிடைக்காமல் தாய் கிராப் காரில் அனுப்புகிறார், ஒரு வழிக்கு 10 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். 20 பள்ளி நாளுக்கு 400 ரிங்கிட். 150 எட்டாம் நாளிலேயே தீர்ந்துவிடும்.

பணம் இருந்தாலும் வேன் கிடைக்குமா என்பது அடுத்த கேள்வி. சக்கர நாற்காலியை மடித்து வைக்க இடம் வேண்டும். ஏற்றி இறக்க ஓர் ஆள் வேண்டும். சத்தம் தாங்காத ஆட்டிசம் பிள்ளைக்கு, இருபது பேர் கத்திக்கொண்டு வரும் வண்டியே பெரிய சோதனை. பள்ளிக்குள் சிறப்புக் கல்வி வகுப்பில் மாணவர் நிர்வாக உதவியாளர் இருக்கிறார். வேனில் பெரும்பாலும் ஓட்டுநர் ஒருவர்தான். அவர் சாலையைப் பார்ப்பாரா, பிள்ளையைப் பார்ப்பாரா? "முடியாது டீச்சர்" என்று சொல்லும் ஓட்டுநரை நான் திட்ட மாட்டேன். அவருக்குப் பயிற்சியும் இல்லை, கூடுதல் வருமானமும் இல்லை.

முன்பு இந்தச் சிக்கல் இவ்வளவு பெரிதாக இல்லாததற்கு ஒரு காரணம் உண்டு. பார்வையற்ற பிள்ளைகளுக்கு 1948இல் ஜொகூர் பாருவில் தொடங்கிய பிரின்சஸ் எலிசபெத் பள்ளி போன்றவை தங்கிப் படிக்கும் பள்ளிகள். விடுமுறைக்கு விடுமுறைதான் பயணம். இணைப்புக் கல்வி பிள்ளையை வீட்டோடு வைத்துப் படிக்க வைக்கிறது. அது நல்லது. ஆனால் அதன் விளைவாகப் பயணம் தினமும் இரண்டு முறை ஆகிவிட்டது. விடுதியைக் கழித்தவர்கள் வேனைக் கூட்ட மறந்துவிட்டார்கள்.

பிரிக்பீல்ட்ஸைப் பார்த்தால் வேறொரு பாடம் கிடைக்கிறது. 1951இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கே இருக்கிறது. வெள்ளைக் கோலோடு தனியாக வேலைக்குப் போய்வரும் பெரியவர்களை அங்கே தினமும் காணலாம். நடைபாதையில் பதித்த தொடு கற்களும், பக்கத்திலேயே ரயில் நிலையமும், சங்கம் தரும் பயிற்சியும் சேர்ந்ததால்தான் அது முடிகிறது. ஏற்பாடு இருந்தால் மனிதர் நடமாடுவார். ஆனால் அதே ஏற்பாடு காப்பாரில் இருக்கும் எட்டு வயதுப் பிள்ளைக்கு உதவாது. அவனுக்கு வீட்டு வாசலுக்கு வரும் வண்டி வேண்டும்.

இதில் தமிழாசிரியர்களுக்கு என்ன வந்தது என்று கேட்கலாம். நிறையவே இருக்கிறது. எல்லாத் தமிழ்ப்பள்ளியிலும் சிறப்புக் கல்வி வகுப்பு கிடையாது. வீட்டருகே உள்ள தமிழ்ப்பள்ளியில் அந்த வகுப்பு இல்லை, இருக்கும் தமிழ்ப்பள்ளியோ கிள்ளானின் மறுகோடியில் என்றால் பெற்றோர் என்ன செய்வார்கள்? வேன் போகும் தேசியப் பள்ளியில் சேர்ப்பார்கள். அங்கே தமிழ் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். கல்விச் சட்டப்படி 15 மாணவரின் பெற்றோர் கேட்டால்தான் அங்கே தமிழ் வகுப்பு. ஆக, பிள்ளையின் தாய்மொழிக் கல்வியை முடிவு செய்வது பெற்றோரின் மனசு அல்ல, வேன் போகும் பாதை.

இடைநிலைப்பள்ளியில் இது வேறு உருவம் எடுக்கிறது. பல பள்ளிகளில் தமிழ் வகுப்பு பள்ளி முடிந்த பிறகுதான். என்னிடம் நான்காம் படிவத்தில் ஒரு மாணவன் இருந்தான். வாக்கர் பிடித்துத்தான் நடப்பான். கட்டுரை நன்றாக எழுதுவான். ஆண்டுத் தொடக்கத்தில் அவன் அம்மா வந்தார். "டீச்சர், அவனுக்குத் தமிழ்னா உசுரு. ஆனா வேன் ஒன்னே முக்காலுக்குக் கெளம்பிடுது. ஒங்க கிளாஸ் முடியிறது மூனே முக்காலு. அப்புறம் யாரு அவன ஏத்திக்கிட்டு வருவா?" இன்னொரு பெற்றோர் தம் காரில் கொண்டுபோய் விட்டார். மூன்று வாரம் ஓடியது. அவருக்கு வேலை நேரம் மாறியதும் அது நின்றது. பையன் எஸ்பிஎம் தமிழை விட்டுவிட்டான்.

அப்போது நான் பள்ளியைக் குறை சொன்னேன், வேன்காரரைக் குறை சொன்னேன். பிறகுதான் உறைத்தது. அந்த நேரத்தைப் போட்டது நான். வகுப்பு அட்டவணை தயாரிக்கும்போது யார் எப்படி வீட்டுக்குப் போகிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அமைச்சின் கொள்கையில் நான் காணும் அதே ஓட்டை என் அட்டவணையிலும் இருந்தது.

மற்ற நாடுகள் என்ன செய்தன? அமெரிக்காவில் 1975இல் வந்த சிறப்புக் கல்விச் சட்டம், போக்குவரத்தைக் கல்வியோடு சேர்ந்த சேவை என்றே வகுத்தது. இந்தியாவின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 16வது பிரிவில் மாணவருக்குப் போக்குவரத்து வசதி செய்து தரச் சொல்கிறது. அதிக உதவி தேவைப்படும் பிள்ளை என்றால் உடன் வருபவருக்கும் சேர்த்து. சட்டத்தில் எழுதியதெல்லாம் ஒவ்வொரு ஊரிலும் நடந்துவிடாதுதான். ஆனால் எழுதியிருந்தால் பெற்றோர் உரிமையோடு கேட்கலாம். இங்கே கெஞ்சிக் கேட்க வேண்டியிருக்கிறது.

நம் அரசாங்கத்தால் முடியாத காரியமா இது? 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டருக்கு 2.15இலிருந்து 3.35 ரிங்கிட்டுக்கு ஏறியது. அப்போதும் பள்ளிப் பேருந்துகளுக்கு அட்டை வழி 1.88 ரிங்கிட்டுக்கு டீசல் கொடுக்க ஏற்பாடு இருந்தது. அதாவது எந்த வண்டி பள்ளிப் பிள்ளைகளை ஏற்றுகிறது என்று அரசுக்குத் தெரியும். உதவியை அங்கே கொண்டுசேர்க்கவும் தெரியும். சிறப்புத் தேவை மாணவரை ஏற்றும் வண்டிக்குக் கூடுதல் மானியமும், உடன் செல்லும் உதவியாளருக்குச் சம்பளமும், ஓட்டுநருக்குச் சில நாள் பயிற்சியும் தரலாம். 150 ரிங்கிட்டைப் பெற்றோர் கையில் கொடுத்து 'நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்' என்பதைவிட இது பயன் தரும்.

அது வரும்வரை நாம் செய்யக்கூடியது கொஞ்சம் இருக்கிறது. அடுத்த ஆண்டு அட்டவணை போடுவதற்கு முன் தமிழ்மொழிப் பணித்தியக் கூட்டத்தில் மூன்று கேள்வி கேட்போம். இந்தப் பிள்ளை எப்படி வருகிறான்? எத்தனை மணிக்கு வண்டி? தமிழ் வகுப்பில் ஒரு வேளையாவது பள்ளி நேரத்துக்குள் வைக்க முதல்வரிடம் பேசலாமா? பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் உதவியோடு இரண்டு மூன்று பள்ளிகள் சேர்ந்து ஒரு வேனை வாடகைக்கு எடுக்க முடியுமா என்றும் பார்க்கலாம். தமிழை விட்ட மாணவர்களின் பட்டியலில் 'காரணம்: போக்குவரத்து' என்று ஒரு கட்டம் சேர்த்து மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்புவோம். இன்று அந்தப் பிள்ளைகள் 'ஆர்வமில்லை' என்ற கணக்கில்தான் போகிறார்கள்.

என் மாணவனுக்கு ஆர்வம் இருந்தது. வேன்தான் இல்லை. இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுவதாவது நம் கையில் இருக்கிறது.