ஐந்து மணியும் நாற்பத்தைந்து நாளும்

தொழில்முனைவோருக்கு விருது கொடுக்கும் மேடைகளில் இப்போது ஒரு கேள்வி தவறாமல் வருகிறது: "காலையில் எத்தனை மணிக்கு எழுவீர்கள்?" ஐந்து என்றால் கைதட்டல், நாலரை என்றால் இன்னும் பலமாக. ராபின் சர்மாவின் 'தி 5 ஏஎம் கிளப்', ஜேம்ஸ் கிளியரின் 'அட்டாமிக் ஹேபிட்ஸ்' இரண்டும் 2018இல் வந்தன. அதன்பின், தொழிலில் தோற்றவன் பழக்கத்தில் தோற்றவன் என்பது வேதவாக்காகிவிட்டது.

பழக்கம் வீண் என்று நான் சொல்லவில்லை. அன்றன்றைக்குக் கல்லாவை எண்ணிக் கணக்கை முடிப்பவர் மாதக் கடைசியில் திண்டாடுவதில்லை. பெரிதாக எதையும் மாற்றப் புறப்படாமல் சின்னச் செயலில் தொடங்கச் சொல்லும் கிளியரின் யோசனையும் நல்லதுதான்.

பழக்கம் எதைப் பற்றிக்கொண்டு வளர்கிறது என்பதைத்தான் இந்தப் புத்தகங்களின் ரசிகர்கள் பார்ப்பதில்லை. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வு இத்துறையில் பெயர் பெற்றது. ஒரு செயல் தன்னியல்பாக மாறச் சுமார் 66 நாள் ஆகும், ஆளுக்கேற்ப அது 18 நாளாகவும் 254 நாளாகவும் இருக்கலாம் என்றார்கள். இந்த எண்களைப் பலரும் மேற்கோள் காட்டுகிறார்கள். பழக்கியது எவற்றை என்று கேட்பவர் குறைவு. மதியச் சாப்பாட்டோடு ஒரு பழம், இரவுச் சாப்பாட்டுக்கு முன் கொஞ்ச நேரம் ஓட்டம், இப்படிப்பட்டவை. தினமும் மாறாமல் வரும் ஒரு வேளையோடு முடிச்சுப் போட்ட செயல்கள். அந்த மாறாத வேளை சிறுதொழில் செய்பவருக்கு எங்கே இருக்கிறது?

கோவையில் எனக்குத் தெரிந்த லேத் பட்டறைக்காரர் ஒருவர் ஐந்து மணிக்கு எழுபவர்தான். ஆறு மணிக்குப் பட்டறையைத் திறந்து, முந்தின நாள் இரும்புச் சுருளைக் கூட்டி அள்ளி, மெஷினுக்கு எண்ணெய் விட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார். ஜாப் ஆர்டர் கொடுக்கும் கம்பெனியிலிருந்து சரக்கு வருவது சாயங்காலம் நாலு மணிக்கு. "காலைல வேணுங்க" என்ற ஒரு வார்த்தையோடு இறக்கிவிட்டுப் போவார்கள். அன்று இரவு இரண்டு மணி வரை லேத் ஓடும். மறுநாள் அவர் எட்டு மணிக்கு எழுந்தால் அது ஒழுக்கக் கேடா?

பணமோ இன்னும் தாமதம். சனிக்கிழமை ஆட்களுக்குச் சம்பளம் கொடுத்தாக வேண்டும். பில் போட்டுவிட்டால், பணம் கைக்கு வந்தாலும் வராவிட்டாலும், மாதாமாதம் கணக்குக் கொடுப்பவர் 20ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டி கட்டியாக வேண்டும். கம்பெனியில் போய்க் கேட்டால், "அடுத்த வாரம் வாங்கண்ணா, பாத்துக்கலாம்." குறு, சிறு தொழில்களுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டம், ஒப்பந்தமே இருந்தாலும் பணம் தருவது 45 நாளைத் தாண்டக் கூடாது, தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி தர வேண்டும் என்கிறது. அந்த வட்டியைக் கேட்டால் அடுத்த ஆர்டர் வராது என்று அவருக்குத் தெரியும், அவர் கேட்டதில்லை.

அவருடைய நாளைக் கலைப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களைக் கணக்கிலேயே சேர்க்காமல் அவரிடம் போய் விடாமுயற்சி பற்றிப் பேசுவது எனக்குப் பொறுக்கவில்லை. இது வெறும் அறிவுரையாகவும் நிற்பதில்லை. தன் சோம்பல்தான் காரணம் என்று அவரையே நம்ப வைத்துவிடுகிறது. கிடைக்கிற கொஞ்சத் தூக்கத்தையும் அவர் குறைத்துக்கொள்கிறார். தாமதித்தவர்கள் மேல் பழி விழுவதே இல்லை.

விருது கொடுக்கும் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த மேடையில் எழும் நேரத்தைக் கேட்காதீர்கள். உங்களுக்கு வேலை செய்து கொடுக்கும் பட்டறைகளுக்கு எத்தனை நாளில் பணம் தருகிறீர்கள் என்று கேளுங்கள். 45க்கு மேல் சொல்பவருக்கு மாலை போடாதீர்கள்.