வெள்ளைச் சாத்துப்படியும் காஷாயமும்

சித்திரைத் திருவாதிரை உத்ஸவத்தில் ஒருநாள் ஸ்ரீபெரும்பூதூரில் எம்பெருமானார் காஷாயமின்றி வெள்ளை உடுத்து எழுந்தருளுகிறார். தானுகந்த திருமேனிக்கு அன்று நடப்பது வெறும் அலங்கார விசேஷமன்று. சோழன் ஆட்களிடமிருந்து தப்பி மேல்நாட்டுக்கு எழுந்தருளியதன் நினைவு. இந்நாளைப் பற்றிய உபந்யாஸங்களில் ஒரு முடிவு பழகிப்போய்விட்டது: யதிராஜரே காஷாயத்தைக் களைந்தாரல்லவா, ஆகையால் உடையில் ஒன்றுமில்லை, உள்ளத்தூய்மையே போதும் என்பது. கேட்க இனிதாயினும் இம்முடிவு நிற்காது.

உடையவர் வெள்ளை சாத்திக்கொண்டு வெளியேற, அவருடைய காஷாயத்தையும் த்ரிதண்டத்தையும் கூரத்தாழ்வான் ஏற்றுப் பெரிய நம்பியோடு அரசவைக்குச் சென்றார் என்பது குருபரம்பரை கூறும் வ்ருத்தாந்தம். (க்ருமிகண்டன் எந்தச் சோழன் என்பதில் வரலாற்றாசிரியர் ஒன்றுபடவில்லை, அது இங்கு விஷயமன்று.) உடையில் ஒன்றுமில்லையெனில் இந்த மாற்றம் எதற்கு? காவலர் தேடி வந்தது அந்த உடையைத்தான். ஆழ்வானோ க்ருஹஸ்தர். க்ருஹஸ்தன் யதியின் வேஷத்தைத் தரிப்பது அதிகார விருத்தம். ஆசார்ய ரக்ஷணம் என்ற ஒரே காரணத்தால் அதை ஏற்றார். ஏற்றபின் அவ்வுடைக்கு வந்த விளைவையும் தாமே ஏற்றார். கண்களை இழந்தார். அது தம்முடைய உடையன்று என்று சபையில் சொல்லித் தப்ப அவர் நினைக்கவில்லை. உடையவரும் ஆபத்து நீங்கியபின் காஷாயத்தையும் த்ரிதண்டத்தையும் மீண்டும் ஏற்றார். உபந்யாஸங்கள் இந்தப் பின்பகுதிக்கு வருவதேயில்லை.

இன்னொரு ப்ரமாணமும் காட்டப்படுகிறது. வெளியடையாளம் தர்மத்துக்குக் காரணமாகாது என்று மனு ஸ்ம்ருதியின் ஆறாம் அத்யாயம் கூறுவது மெய்யே. ஆனால் யதிக்குத் தண்டமும் பாத்ரமும் விதிப்பதும் அதே அத்யாயந்தான். அங்கு வரும் த்ருஷ்டாந்தத்தைக் கவனிக்க வேண்டும். தேற்றாங்கொட்டையின் பெயரைச் சொன்னால் கலங்கல் நீர் தெளியாது. உண்மை; ஆனால் இதிலிருந்து கொட்டையே வேண்டாம் என்று எவரும் முடிவு செய்வதில்லை. இழைத்துக் கலக்க வேண்டும் என்பதே கருத்து. த்ரிதண்டம், சிகை, யஜ்ஞோபவீதம் ஆகியவை யதிக்கு விடத்தக்கவையல்ல என்று சததூஷணியில் ஸ்வாமி தேசிகன் தனி வாதமே செய்திருக்க, அதே ஸம்ப்ரதாயம் வெள்ளைச் சாத்துப்படியையும் கொண்டாடுகிறது. விதியும் ஆபத்தர்மமும் வேறு வேறு என்று அறிந்தவர்க்கு இதில் முரணில்லை.

உலகம் அவ்வாறு பகுத்துப் பார்ப்பதில்லை. உடையவர் ஸந்நிதியிலிருந்து ஒரகடம் வரை இன்று தொழிற்சாலைகள். மின்னணுக் கருவி செய்யுமிடத்தில் தொழிலாளி மேலங்கியும் தொப்பியும் அணிகிறார். ஷிப்டு முடிந்ததும் கழற்றுகிறார். அதை வேஷம் என்று எவரும் இகழ்வதில்லை, அதன் பயன் தெரிவதால். அத்தொப்பியின் கீழே தெரியும் திருமண் காப்பைக் கண்டால் மட்டும் சிலருக்கு ஜாதி நினைவுக்கு வருகிறது, சிலருக்குக் கட்சி. காவியைக் கண்டவுடன் காலில் விழுபவரும் உண்டு. விசாரியாமையில் இவர் இகழ்பவருக்குக் குறைந்தவரல்லர். அவ்வுடை உடையவனிடம் என்ன கேட்கிறது, அதை அவன் கொடுக்கிறானா என்று இருவருமே பார்ப்பதில்லை.

நீதிமன்றங்களிலும் இச்சிக்கல் உண்டு. மதத்துக்கு இன்றியமையாதது எது என்னும் அளவுகோல் 1954இல் சிரூர் மட வழக்கில் தோன்றியது. ஒரு வைஷ்ணவ மடத்தின் வழக்கில் பிறந்த அதே அளவுகோலைக் கொண்டே, முஸ்லிம் மாணவியரின் ஹிஜாப் இன்றியமையாததன்று என்று 2022 மார்ச் 15இல் கர்நாடக உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வாண்டு அக்டோபர் 13இல் உச்சநீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் மாறுபட்டுத் தீர்ப்புக் கூறினர். அவ்வழக்கின் முடிவு எதுவாயினும், இவ்வளவுகோலை வெள்ளைச் சாத்துப்படியின்மேல் வைத்துப் பார்க்கலாம். ஆபத்தில் களையப்பட்டது என்பதால் காஷாயம் யதிக்கு இன்றியமையாததன்று என்றே வாதி சாதிப்பான். அதற்கு விடை ஆழ்வானிடம் இருக்கிறது. சட்டத்தில் அதற்கு இன்னும் இடம் இல்லை.