பெயரில்லா முகங்கள்

விடியுமுன் பெரட்டுக்களத்தில் நின்று பெயர் கூப்பிடுவது தோட்டத்துக் கிராணியாகிய என் தொழில். செக்ரோலில் ஒரு பெயர் விடுபட்டால் ஒருவர் வீட்டு உலையில் அரிசி விழாது. ஆதலின் பெயரின் அருமை எனக்குத் தெரியும். அந்தப் பழக்கத்தோடுதான், அண்மையில் சிங்கப்பூர் சென்றபோது, தேசியக் கலைக்கூடத்தில் லியூ காங் 1954-இல் தீட்டிய ‘ஓவியனும் மாதிரிப் பெண்ணும்’ என்னும் சித்திரத்தின் முன் நின்றேன்.

1952-இல் லியூ காங், சென் வென் சி, சென் சோங் சுவீ, சியோங் சூ பியெங் ஆகிய நால்வரும் பாலித் தீவுக்குச் சென்றனர். அப்பயணத்தின் விளைவே இச்சித்திரம். பாத்தேக் துணியில் மெழுகு விட்டுச்செல்லும் கோடுபோல, உருவங்களைச் சுற்றி வெண்கோடு ஓடுகிறது. ஓவியர் வரைகிறார், பாலிப் பெண் வரையப்படுகிறாள். கோட்டின் அழகில் குறையில்லை. தலைப்பில் இருவருக்குமே பெயரில்லை. எனினும், வரைபவர் சென் வென் சி என்பதைக் கலை வரலாறு குறித்து வைத்தது. அவளோ மாதிரிப் பெண்ணாகவே நின்றுவிட்டாள்.

இவ்வழக்கம் சிங்கப்பூரிற் பிறந்ததன்று. லியூ காங் பாரிசில் பயின்றவர். அந்நகரத்துப் புதுமை ஓவியத்தின் வேர்களுள் ஒன்று ஆப்பிரிக்கா. 1907-இல் பிக்காசோ திரொக்காதெரோ காட்சிச்சாலையில் ஆப்பிரிக்க முகமூடிகளைக் கண்டார். அவ்வாண்டு அவர் தீட்டிய ‘அவிஞ்ஞோன் பெண்கள்’ படத்தில் சில முகங்கள் முகமூடிகளாயின. மோதிலியானியின் உருவங்களிலும் முகம் நீண்டது. உலகம் இவர்களைப் பெயர் சொல்லிப் போற்றியது. முகமூடி செதுக்கியவனையோ ‘பழங்குடி’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டது.

பழங்குடிக் கலை கூட்டத்தின் கலை. அதில் தனியாளுக்குப் பெயரேது என்பார் உளர். இக்கூற்று பொருந்தாது. நைஜீரியாவின் யொருபா சிற்பி ஒலொவே, இக்கெரே அரண்மனைக் கதவில் அவ்வூர் அரசரையும், அவரைக் காணவந்த ஆங்கில அதிகாரியையும் செதுக்கினார். 1924-இல் வெம்பிளிக் கண்காட்சியில் வைக்கப்பட்ட அக்கதவு, பின்னர்ப் பிரிட்டிஷ் மியூசியத்தைச் சேர்ந்தது. கதவு கடல் கடந்தது. சிற்பியின் புகழ்பாடும் பாட்டு ஊரிலேயே இருந்தது. அவர் மனைவியருள் ஒருவர் அதனை நெஞ்சிற் காத்துவந்தார். பெயர் இல்லாமலில்லை, கேட்பாரில்லை!

நம் கதை மட்டும் வேறா? சியோங் சூ பியெங் 1949-இல் தீட்டிய படமொன்றின் தலைப்பு ‘இரு பசுக்களுடன் இந்திய ஆடவர்’. சிராங்கூன் சாலைப் பக்கம் செல்வோர்க்கு எருமைச் சாலையும், எருமைக்கொட்டில் என்று பொருள்படும் கண்டாங் கெர்பாவ் என்ற பெயரும் பழைய மாட்டுத் தொழிலை இன்றும் நினைவூட்டும். மாட்டுக்குத் தெருவிலே பெயர் உண்டு. மாட்டோடு நின்ற மனிதனுக்குப் படத்திலும் பெயரில்லை.

ஓவியரைப் பழிப்பது என் நோக்கமன்று. அவர் தூரிகை தொடாதிருந்தால் அம்முகங்களும் நமக்கு எஞ்சியிரா. ஆனால் முகத்தை எழுதுபவன் பாதிக் கடனையே தீர்க்கிறான். பெயரை எழுதும்போதுதான் மறுபாதி தீரும். முகம் மட்டும் எஞ்சினால் மனிதன் ஒரு சாதிக்கோ நாட்டுக்கோ மாதிரியாகிவிடுகிறான்.

அக்கடனில் நமக்கும் பங்குண்டு, தோழர்களே. உங்கள் வீட்டுச் சுவரில் பாட்டனார், பாட்டியார் நிழற்படம் இருக்கும். இன்றே அதைக் கழற்றி, பின்புறத்தில் அவர் பெயரையும், பிறந்த ஊரையும், உழைத்த தோட்டத்தையும் எழுதி வையுங்கள். நடுகல்லிற் பெயர் பொறித்த மரபினர் நாம். அட்டையின் பின்னால் நான்கு வரி எழுத நமக்குக் கை வராதா?