செம்பியன் மாதேவியாரும் பழங்கற்படியும்

மீன்சுருட்டி, ஜெயங்கொண்டம் பக்கம் சோழர் என்று பேச்செடுத்தால் ராஜேந்திரன்தான். கங்கைகொண்ட சோழபுரம் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது வேறு யாரைச் சொல்லுவாங்க? ஆனால் அந்தக் கோயிலின் தெற்குச் சுவரில் கணபதியும் நடராஜரும் தனித்தனிக் கோட்டங்களில் நிற்கிறார்களே, அந்த வழக்கத்தைக் கற்றளிகளில் ஊன்றியவர் அவனுக்குக் கொள்ளுப்பாட்டி முறையாகும் ஒரு அம்மா. செம்பியன் மாதேவி. இந்த ஊர்க்காரர்கள் அவரை நினைக்க இன்னொரு காரணமும் உண்டு. கல்வெட்டுகளில் அவர் 'மழவரையர் மகளார்'. மழநாடு என்பது இன்றைய அரியலூர், பெரம்பலூர் பக்கத்தையும் சேர்த்த நாடு. திருமழபாடி அருகே கண்டராதித்தம் என்று அவர் கணவர் பெயரில் ஊர் இருக்கிறது. அங்குள்ள பெரிய ஏரிக்கு இவர் பெயர்.

அவரைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவற்றைச் சேர்த்து வைத்துப் படித்தால் ஒரே படம்தான் கிடைக்கிறது. சின்ன வயதில் கணவரை இழந்தார், சிவபக்தியில் மூழ்கினார், கோயில் கோயிலாகக் கட்டினார். கல்கியின் 'பொன்னியின் செல்வ'னுக்கு இதில் பெரிய பங்கு. அதில் வரும் பெரிய பிராட்டி, தான் வளர்த்த மகன் அரியணை ஏறக்கூடாது என்று நிற்கிற துறவி போன்ற தாய். கதைக்குள் அதற்கு ஒரு ரகசியக் காரணம் வைத்திருக்கிறார் கல்கி, நாவலாக அது நன்றாகவே ஓடுகிறது. 2022-இல் வந்த படத்தில் ஜெயசித்ரா நடித்ததும் அதே வெள்ளைச் சேலைப் பிராட்டிதான். என் குறை நாவல் மேல் இல்லை. நாவலை வரலாறாக எடுத்துக்கொண்டு அதே பிராட்டியைத் திரும்பத் திரும்ப எழுதுகிற நம்ம கட்டுரைகள் மேல்தான்.

கல்வெட்டில் அவர் எப்படி வருகிறார், பாருங்க. கண்டராதித்த தேவர் தேவியார், மழவரையர் மகளார், அப்புறம் 'உத்தம சோழ தேவரைத் திருவயிறு வாய்த்த' பிராட்டியார். மகன் ராஜாவானதில் கூசிப்போன அம்மாவின் பட்டமா இது? பெருமையோடு பொறித்த பெயர். மகன் ஆட்சியில்தான் (சுமார் 971 முதல் 985 வரை) அவருடைய திருப்பணிகளில் பெரும்பகுதி நடக்கிறது. கோனேரிராஜபுரம், ஆடுதுறை, திருக்கோடிக்காவல், நம் பக்கமே விருத்தாசலம். மகன் போனபின்பும் நிற்கவில்லை. ராஜராஜன் காலத்தில், 1001-இல், திருவக்கரையில் கட்டுகிறார். 941-இல் உய்யக்கொண்டான் திருமலையில் அவர் பெயர் வருவதிலிருந்து கணக்குப் போட்டால் அறுபது வருஷம். முதலாம் பராந்தகன் தொடங்கி ராஜராஜன் வரை ஆறு ராஜாக்கள். ஒரு குடும்பத்தில் இத்தனை பேர் மாறியும் ஒரு வேலை நிற்காமல் நடந்திருக்கிறது என்றால் அதைப் 'பக்தி' என்ற ஒரு சொல்லில் முடித்துவிட முடியுமா?

பக்தி இல்லை என்று சொல்ல வரவில்லை. கணவரே தில்லைமேல் பதிகம் பாடி ஒன்பதாம் திருமுறையில் இடம் பெற்றவர். ஆனால் அந்தப் பக்திக்குள் இருந்த நிர்வாகத்தையும் ரசனையையும் நாம் பேசுவதே இல்லை. கோனேரிராஜபுரத்தில் (பழைய திருநல்லம்) கண்டராதித்தர் லிங்கத்தை வணங்குகிற சிற்பத்தின் கீழே, அவர் பெயரால் தேவியார் இந்தக் கற்றளியை எடுத்ததாக எழுதியிருக்கிறது. அதே கோயிலில் இன்னொரு உருவமும் உண்டு. ஆலத்தூர் சாத்தன் குணபத்தன். அம்மையார் சொல்லி, கோயிலை எடுத்து முடித்தவர் அவர்தான் என்று கல்வெட்டே சொல்கிறது. ராஜகேசரி மூவேந்தவேளான் என்ற பட்டமும் கொடுத்திருக்கிறார்கள். 'செம்பியன் மாதேவி பாணி' என்று கலைவரலாற்றில் சொல்லும்போது உளி பிடித்த கைகளையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். அதற்கான இடத்தை அந்த அம்மாவே சுவரில் ஒதுக்கி வைத்திருக்கிறார், பிறகு வந்த நாம்தான் அதை விட்டுவிட்டோம்.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் படுவது திருக்கோடிக்காவல். செங்கல் தளியைப் பிரித்துக் கல்லில் கட்டுவது என்றால் பழையது போய்விடும். இதைப் புகழ்கிறவர்கள் அந்த இழப்பைச் சொல்வதில்லை. அப்பரும் சம்பந்தரும் பார்த்த செங்கல் கோயில்களில் பல இப்படித்தான் மறைந்தன. ஆனால் திருக்கோடிக்காவலில் அங்கங்கே கிடந்த பழைய கற்களில் இருந்த எழுத்தை, பல்லவர் காலத்துத் தானங்கள் உட்பட, புதுச் சுவரில் படியெடுத்து வெட்டியிருக்கிறார்கள். இது பழங்கற்படி, அதாவது பழைய கல்லின் பிரதி, என்றும் குறித்திருக்கிறார்கள். யாரோ நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு விளக்குக்குக் கொடுத்த பொன் கணக்கில் விட்டுப்போகக் கூடாது என்ற கவலை அது. இன்றைக்குக் கும்பாபிஷேகம் என்ற பெயரில் மணல் வீசிச் சுவரைத் தேய்த்தும், எழுத்தின் மேலேயே டைல்ஸ் ஒட்டியும் வைக்கிற திருப்பணிகளைப் பார்க்கும்போது, பத்தாம் நூற்றாண்டில் இந்த விஷயத்தில் நம்மைவிட ஒழுங்கு இருந்தது என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. அந்த மேடையிலேயே செம்பியன் மாதேவியைப் புகழ்ந்து பேசவும் செய்வார்கள்!

அவர் முகம் எப்படி இருந்தது என்ற தேடலும் ஒன்று உண்டு. வாஷிங்டன் ஃபிரீயர் அருங்காட்சியகம் 1929-இல் வாங்கிய வெண்கலப் படிமத்தை அவர் சாயல் என்று வித்யா தெஹேஜியா போன்றவர்கள் கருதுகிறார்கள். அந்த மெலிந்த, நீண்ட உடலை முதன்முதலில் படத்தில் பார்த்தபோது எனக்கும் நம்பத்தான் ஆசை. ஆனால் பீடத்தில் பெயர் இல்லாதவரை அது ஊகம்தான், அதற்கு மேல் போகக் கூடாது.

சொந்த வீட்டார் அவரை நினைத்த விதம் வேறு. நாகப்பட்டினம் பக்கம் அவர் பெயராலேயே அமைந்த செம்பியன் மாதேவி என்ற ஊரில், கயிலாசநாதர் கோயிலில், உத்தம சோழனின் தேவியர், அதாவது மருமகள்கள், மாமியார் பிறந்த கேட்டை நட்சத்திரம் மாதாமாதம் வரும்போது சோறு போட நிவந்தம் வைத்திருக்கிறார்கள். அவர் உயிரோடு இருந்தபோதே. அப்புறம் 1019-இல், கங்கைகொண்ட சோழபுரம் எழும்புவதற்கு முன்பே, ராஜேந்திரன் அதே கோயிலில் அவருக்குப் படிமம் எடுத்துப் பூசைக்கும் வழி செய்தான். புகழ்ச் சொற்களைவிட இந்த இரண்டு கல்வெட்டுகளில்தான் வீட்டுப் பெரிய மனுஷி ஒருத்தி தெரிகிறார். கேட்டைக்குக் கேட்டை எத்தனை பேருக்குச் சாப்பாடு, எவ்வளவு நெல், எந்த நிலத்து விளைச்சலிலிருந்து என்பதுதான் அங்கே பேச்சு. அவரே தன் கோயில்களுக்கு எழுதி வைத்த கணக்குகளும் அப்படித்தான் இருக்கின்றன.