விலை பேசப்படும் வாழ்வு: நவீன அமெரிக்க நாடகத்தில் வெற்றியும் மகிழ்ச்சியும்

1

பிறநாட்டு நாடகமொன்றைத் தமிழில் ஆராயப் புகுவோர் முன்னே ஒரு வினா எப்போதும் நிற்கிறது: அந்நிய சமுதாயமொன்றின் துயரத்தை நாம் ஏன் நமதாக்கிக்கொள்ள வேண்டும்? மட்டக்களப்பு மண்ணுக்கு இவ்வினா புதியதன்று. காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர் 1926இல் வெளியான ‘மதங்கசூளாமணி’யில் சேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழ் நாடக மரபின் ஒளியிலே ஆராய்ந்தார். அயலார் கலையை நமது அளவுகோல் கொண்டு அளப்பதும், அதன்வழி நமது அளவுகோலையே மறுபரிசீலனை செய்வதும் அவர் காட்டிய நெறியாகும். அந்நெறியைப் பின்பற்றி, அமெரிக்க நாடகத்தின் மையப் பொருளான வெற்றி வேட்கையை, வாகரைப் பிரதேசத்தின் வட எல்லையை அண்டிய கதிரவெளியிலிருந்து நோக்க இக்கட்டுரை முயல்கிறது.

1776ஆம் ஆண்டின் அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனம் உயிர், சுதந்திரம் ஆகியவற்றோடு மகிழ்ச்சியை நாடும் உரிமையையும் பிறப்புரிமையாகக் கூறியது. அது வழங்கியது மகிழ்ச்சியையன்று, மகிழ்ச்சியை நாடும் உரிமையையே என்பது மனங்கொள்ளத்தக்கது. அடிமைகளாக இருந்த கறுப்பின மக்களுக்கு அவ்வுரிமையும் அன்று மறுக்கப்பட்டிருந்தது. முதலாளித்துவம் முதிர்ந்த இருபதாம் நூற்றாண்டில் மகிழ்ச்சியை நாடுதல் என்பது வெற்றியை நாடுதல் எனவும், வெற்றி என்பது பணம் எனவும் சுருங்கியது. இச்சுருக்கத்தின் வரலாறே நவீன அமெரிக்க நாடகத்தின் வரலாறு எனலாம்.

2

யூஜின் ஓ நீல் 1941இல் எழுதி, அவர் மறைவின் பின் 1956இல் மேடையேறிய ‘இரவை நோக்கிய நீண்ட பகற்பயணம்’ இதன் ஒரு முகத்தைக் காட்டுகிறது. அதில் வரும் தந்தை தோற்றவரல்லர், வென்றவர். பணம் ஈட்டித் தந்த ஒரே பாத்திரத்துக்குத் தன் நடிப்பாற்றலை அடகு வைத்தவர். இளமையில் கண்ட வறுமையின் அச்சம் அவரை விட்டு நீங்கவில்லை. நிலம் வாங்கிக் குவிக்கும் அவர் மனைவியின் மருத்துவச் செலவில் சிக்கனம் பிடிக்க, அச்சிக்கனம் குடும்பத்தையே சிதைக்கிறது. வெற்றி கிட்டிய வீட்டில் மகிழ்ச்சி இல்லை.

வெற்றி கிட்டாத வீட்டைக் காட்டியவர் ஆதர் மில்லர். 1949இல் மேடையேறிய ‘ஒரு விற்பனையாளனின் மரணம்’ இப்பொருளின் செவ்வியல் வடிவம். அறுபது வயதைத் தாண்டிய வில்லி லோமன் வாழ்நாள் முழுவதும் ஊர் ஊராகச் சென்று விற்றவர். அவர் எதை விற்றார் என்பதை நாடகம் இறுதிவரை கூறுவதில்லை. இது தற்செயலானதன்று, அவர் விற்றது தம்மைத்தான். தம் கம்பனியின் பழைய முதலாளியின் மகனிடம், பயணமில்லாத வேலையொன்றை வேண்டி நிற்கும் காட்சியில், வாரத்துக்கு 65 டொலர் கேட்டவர் 50க்கு இறங்குகிறார், பின்னர் 40க்கு இறங்குகிறார். ஒரு மனிதனின் விலை நம் கண்முன்னே ஏலத்தில் வீழ்கிறது. இளைய முதலாளிக்கோ தான் புதிதாக வாங்கிய ஒலிப்பதிவுக் கருவியில் இருக்கும் அக்கறை இம்மனிதரில் இல்லை.

இறுதியில் வில்லி ஒரு கணக்குப் போடுகிறார்: உயிரோடு இருப்பதிலும் இறந்தால் தமக்கு மதிப்பு அதிகம். காப்புறுதிப் பணம் 20,000 டொலர் மகனைச் சேரும் என்று நம்பித் தம் உயிரை முடித்துக்கொள்கிறார். வீட்டுக்கடனின் இறுதித் தவணை கட்டி முடிந்த நாளில் அவ்வீட்டில் வாழ அவர் இல்லை.

இந்நாடகத்தை முதலாளித்துவத்தின் மீதான குற்றப்பத்திரிகையாக மட்டும் வாசிப்பது எளிது. ஆனால், அவ்வாசிப்பு இயந்திரப் பாங்கானது. அண்டைவீட்டுச் சார்லியும் ஒரு வணிகரே. வில்லிக்கு வாராவாரம் பணம் கொடுத்து உதவுபவரும், வேலை தர முன்வருபவரும் அவரே. அவரது மகன் பேர்ணாட் உழைத்துப் படித்து, நாட்டின் உச்ச நீதிமன்றத்தில் வாதாடச் செல்கிறான். அப்படியாயின் குற்றம் அமைப்பினதா, பிழையான கனவு கண்ட தனிமனிதனதா? மில்லர் இவ்வினாவுக்குத் தெளிவான விடை தரவில்லை. அது நாடகத்தின் சித்தாந்தப் பலவீனம். அதுவே அதன் மனிதப் பலமுமாகும். ஏனெனில், அமைப்பு வெளியிலிருந்து மட்டும் நம்மை நசுக்குவதில்லை. நமது ஆசையின் வடிவில் உள்ளே குடிபுகுந்து, நம்மைக்கொண்டே நம்மை வேலை வாங்குகிறது.

இதைவிட நுட்பமான ஓர் இடமும் உண்டு. அடக்கத்தின்போது வில்லியின் மகனும் சார்லியும் அவரது கைவேலையை நினைவுகூர்கின்றனர். சீமெந்து குழைத்து வீட்டு வாசற்படி கட்டியபோது அவர் மகிழ்ச்சியாக இருந்தார். மகிழ்ச்சி அவர் கைகளிலேயே இருந்தது. ஆனால், அவர் ஏற்றுக்கொண்ட அளவுகோல் அதனை மகிழ்ச்சி எனக் கணிக்கவில்லை. அந்நியமாதல் என்ற கருத்தை இதனிலும் எளிமையாக நாடகமாக்குதல் அரிது.

3

ரென்னஸி வில்லியம்ஸின் நாடகமொன்று ஈழத்துத் தமிழ் மேடைக்கு வந்த வரலாறு இங்கு முக்கியமானது. 1978இல் தோன்றிய அவைக்காற்று கலைக் கழகத்தின் தொடக்ககால மேடையேற்றங்களுள் ஒன்று, க. பாலேந்திராவின் நெறியாள்கையில் அமைந்த ‘கண்ணாடி வார்ப்புகள்’. முப்பதுகளின் பொருளாதார வீழ்ச்சியிற் சிக்கிய சென் லூயிஸ் நகரத்துக் குடும்பமொன்றின் கதை அது. சப்பாத்துக் களஞ்சியத்தில் வேலை பார்க்கும் மகன், காலூனமுற்று நாணத்தால் ஒடுங்கிய மகள், அவளைத் தட்டெழுத்துக்கேனும் திருமணத்துக்கேனும் தகுதியாக்கத் துடிக்கும் தாய். ஓடிப்போன தந்தை சுவரிலே படமாக மட்டும் இருக்கிறார்.

இத்தாய் நமது பார்வையாளருக்கு அந்நியமானவள் அல்லள். மகளுக்கு வரன் வருமா என ஏங்கும் வீடும், குடும்பத்தின் முழுப் பாரத்தையும் தாங்கும் தமையனும் நமது சமுதாயத்தின் அன்றாடக் காட்சிகள். நமது சூழலில் வெற்றி என்பது பரீட்சை, அரசாங்க உத்தியோகம், சீதனம் என்ற படிகளாக அமைந்திருந்தது. 1977இன் திறந்த பொருளாதாரத்தின் பின்னும், 1983இன் பின்னும் ‘வெளிநாடு’ அப்படிவரிசையின் உச்சியில் ஏறியது.

1983இல் மில்லர் பீஜிங் சென்று தமது நாடகத்தைச் சீன நடிகர்களைக் கொண்டு நெறிப்படுத்தினார். பயண விற்பனையாளன் என்ற தொழிலே அன்று பழக்கமில்லாத அந்நாட்டில் நாடகம் புரிந்துகொள்ளப்பட்டது. மகனைப் பற்றித் தகப்பன் காணும் கனவுக்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.

4

லொறெய்ன் ஹான்ஸ்பெரியின் ‘வெயிலில் ஓர் உலர்ந்த திராட்சை’ 1959இல் புரோட்வேயில் மேடையேறியது. கறுப்பினப் பெண்ணொருவர் எழுதிய நாடகம் அங்கு அரங்கேறியது அதுவே முதன்முறை. அங்கும் காப்புறுதிப் பணம் வருகிறது: இறந்த தந்தையின் பேரில் 10,000 டொலர். மில்லரின் நாடகம் முடியும் இடத்தில் ஹான்ஸ்பெரியின் நாடகம் தொடங்குகிறது எனலாம். அப்பணத்தில் பெரும்பகுதியை வியாபாரக் கனவில் மகன் இழக்கிறான். வெள்ளையர் குடியிருப்பில் தாய் முற்பணம் கட்டிய வீட்டுக்குக் குடிவர வேண்டாம் என்று கூறி, அக்குடியிருப்பின் பிரதிநிதி பணம் தர முன்வருகிறார். பணத்தை வாங்க ஒருப்பட்டிருந்த மகன், தன் சிறுவன் முன்னிலையில் அதனை மறுக்கிறான்.

வில்லி தம் விலையைக் குறைத்துக் குறைத்துக் கேட்டவர். வால்டரோ தனக்கு விலையே இல்லை என்று கூறியவன். இந்த ஒரு மறுப்பில் வெற்றி என்ற சொல் வேறு பொருள் பெறுகிறது. அவர்கள் நாடியதும் சொந்த வீடு என்ற அதே அமெரிக்கக் கனவுதானே என வாதிடலாம். உண்மையே. ஆயினும், ஒடுக்கப்பட்டோர் உரிமை கோரும்போது, அதே வீடு உடைமையாக மட்டும் இருப்பதில்லை. அது தன்மானத்தின் களமாகிறது.

5

இனி நமது ஊருக்கு வருவோம். கடலையும் வயலையும் நம்பி வாழும் கதிரவெளி, 2004 டிசெம்பர் 26இல் கடல்கோளைக் கண்டது. 2006 நவம்பர் 8இல், பாடசாலையில் தஞ்சமடைந்திருந்த இடம்பெயர்ந்த மக்கள் ஷெல் வீச்சில் மாண்டதையும் கண்டது. அமெரிக்க நாடகத்தின் துன்பியல், தோற்பதற்கேனும் ஒரு முழு ஆயுட்காலம் கிடைக்கும் என்ற நம்பிக்கையின் மேல் எழுந்தது. அந்த நம்பிக்கையே இங்கு ஆடம்பரமாக இருந்தது. ஓர் உயிரின் விலை என்ன என்ற வில்லியின் கணக்கு, நட்டஈட்டுப் படிவங்களை நிரப்பியவர்களுக்கு வெறும் இலக்கியக் குறியீடாகத் தோன்றாது.

மத்திய கிழக்குக்கு வீட்டுப் பணிப்பெண்களாகச் செல்லும் தாய்மாரைக் கொண்ட பிரதேசம் இது. வில்லியம்ஸின் நாடகத்தில் சுவரிலே படமாகத் தொங்குபவர் தொலைதூரங்களின் மேல் மோகம் கொண்டு ஓடிய தந்தை. இங்கு தொலைவுக்குச் செல்பவள் தாய். அவளை அனுப்புவது மோகமன்று, கூரைக்கும் பிள்ளையின் படிப்புக்கும் வேண்டிய காசு. பாதி எழும்பி நிற்கும் கல்வீடு அவளது வெற்றியா, தோல்வியா? இந்த வினாவைக் கேட்கும் நாடகத்தை நாம் இன்னும் போதியளவு எழுதவில்லை.

நமக்கு மரபு இல்லாமலில்லை. அறம், பொருள், இன்பம் என்ற வைப்புமுறையில் பொருளுக்கு முன்னே அறம் நிற்கிறது. அமெரிக்கக் கனவு அழித்தது அந்த முதற்சொல்லையே. விடிய விடிய வட்டக்களரியில் ஆடப்படும் கூத்து, வீழும் நாயகனைத் தனியே சாகவிடுவதில்லை. ஊர் கூடியிருந்து அவ்வீழ்ச்சியைப் பார்க்கிறது. வில்லியின் அடக்கத்துக்கு வந்தவர்கள் ஒருசிலரே என்பதோடு இதனை ஒப்புநோக்குக. ஆயினும், மரபைப் புனிதமாக்குதலும் பிழையாகும். அக்களரியைச் சூழ்ந்திருந்த ஊர் போடியாரும் வயற்கூலியும் எனப் பிளவுண்ட ஊர். அங்கு அறம் எல்லோருக்கும் ஒன்றாயிருக்கவில்லை. பேராசிரியர் சு. வித்தியானந்தன் அறுபதுகளில் பேராதனையில் ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ ஆகியவற்றின் வழி கூத்தை நவீன மேடைக்குக் கொணர்ந்தபோதும், அதன்பின் சி. மௌனகுரு அவ்வடிவத்திற் புதிய உள்ளடக்கத்தைப் பெய்தபோதும், மரபு உயிர்பெற்றது மாற்றத்தினாலேயே.

ஆகவே, அமெரிக்க நாடகத்திலிருந்து நாம் கற்கவேண்டியது அதன் வடிவத்தையன்று, அதன் நேர்மையை. தன் சமுதாயம் மிகவும் போற்றிய சொல்லையே எடுத்து, அதன் விலையைப் பொதுமேடையில் எண்ணிக் காட்டும் துணிவு அதற்கு இருந்தது. நாம் போற்றும் சொற்களும் பல உள. அவற்றின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்று நமது களரியில் நின்று கேட்கும் நாடகமே, கதிரவெளியின் பாதி எழும்பிய வீடுகளுக்கு நாம் செலுத்த வேண்டிய கடனாகும்.