தவணை முறிந்த செலவு: ப. சிங்காரம் நாவல்களில் பொருள்வயிற் பிரிவு

ஆய்வுச்சுருக்கம்

ப. சிங்காரத்தின் ‘கடலுக்கு அப்பால்’, ‘புயலிலே ஒரு தோணி’ ஆகிய இரு நாவல்களும் போர் நாவல்களாகவும் புலம்பெயர்ந்தோர் வாழ்வைக் கூறும் நாவல்களாகவும் வாசிக்கப்பட்டு வருகின்றன. இவற்றின் மாந்தர் வேற்று நாட்டில் குடியேறச் சென்றவர்கள் அல்லர். குறித்த காலத்துக்குப் பணியாற்றிவிட்டு ஊர் திரும்புவது என்னும் ஏற்பாட்டின் பேரில் சென்றவர்கள். இந்த ஏற்பாட்டையும் அது போரினால் முறிந்ததையும் மையமாகக் கொண்டு இந்நாவல்களை வாசிக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து. தொல்காப்பியம் கூறும் பிரிவுக் கால வரையறை இவ்வாசிப்புக்கு அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது.

குறிச்சொற்கள்: ப. சிங்காரம், பொருள்வயிற் பிரிவு, தவணை, வட்டிக்கடை, மெடான், பினாங்கு, மதுரை.

1. முன்னுரை

மதுரையை அடுத்த திருநகர் போன்ற குடியிருப்புகளில், வளைகுடா நாடுகளிலோ சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ பணியாற்றும் ஒருவரையேனும் உடைய வீடுகள் அரியன அல்ல. இவ்வீடுகளில் பேச்சு பெரும்பாலும் ஒரு கால அளவைச் சுற்றியே அமையும். ஒப்பந்தம் எப்போது முடிகிறது, விடுப்பு எப்போது கிடைக்கும், இன்னும் எத்தனை ஆண்டு இருந்தால் வீட்டுக்கடன் தீரும் என்பனவே அவற்றின் கேள்விகள். சென்றவர் ‘புலம்பெயர்ந்தவர்’ என்று இவ்வீட்டார் கூறுவதில்லை. ‘வேலைக்குப் போயிருக்கிறார்’ என்றே கூறுவர். வழக்கில் உள்ள இந்த வேறுபாட்டைத் தமிழ்த் திறனாய்வு போதிய அளவு பேணவில்லை. புலம்பெயர் இலக்கியம் என்னும் ஒரே தொகுப்பினுள் போரால் துரத்தப்பட்டோர், தோட்டத் தொழிலுக்குக் கொண்டுசெல்லப்பட்டோர், தவணைக் கணக்கில் பணிக்குச் சென்றோர் ஆகிய மூவகையினரையும் நாம் சேர்த்துவிடுகிறோம். இச்சேர்க்கையால் மிகுதியும் மங்கிப்போவது மூன்றாம் வகையினரின் அனுபவம். அவ்வனுபவத்தைத் தமிழ் நாவலில் மிக முழுமையாக எழுதியவர் ப. சிங்காரம்.

1920ஆம் ஆண்டு சிங்கம்புணரியில் பிறந்த சிங்காரம், மதுரையில் பள்ளிக்கல்வி பெற்றவர். 1938இல் வட்டிக்கடைப் பணிக்காக இந்தோனேசியாவின் மெடான் நகருக்குச் சென்றார். 1946இல் தாயகம் திரும்பினார். அடுத்த ஆண்டு மதுரையில் தினத்தந்தி நாளிதழில் சேர்ந்து சுமார் நாற்பதாண்டுகள் பணியாற்றினார். ‘கடலுக்கு அப்பால்’ 1959இலும் ‘புயலிலே ஒரு தோணி’ 1972இலும் வெளிவந்தன. அவர் எழுதிய நாவல்கள் இவ்விரண்டே. இரண்டும் ஒரே நிலப்பரப்பையும் ஒரே காலத்தையும் கொண்டவை.

2. பிரிவும் கால வரையறையும்

தலைவன் பிரிந்து செல்லும் காரணங்களை ஓதல், பகை, தூது, பொருள் முதலியனவாகத் தொல்காப்பிய அகத்திணையியல் வகுக்கிறது. கற்பியல் அப்பிரிவுகளுக்குக் கால எல்லையும் வகுக்கிறது. கல்வியின் பொருட்டுப் பிரிவது மூன்று ஆண்டுக்கு மேற்படலாகாது. வேந்தனுக்கு உற்ற தொழிலின் பொருட்டுப் பிரிவது ஓராண்டுக்குள் அமைதல் வேண்டும். ஏனைப் பிரிவுகளும் அத்தன்மையனவே. இந்நூற்பாக்கள் பிரிவை ஓர் எல்லைக்குட்பட்ட ஏற்பாடாகக் காண்கின்றன. எல்லை உண்டு என்பதனால்தான் ‘இருத்தல்’ ஓர் உரிப்பொருளாக நிற்க முடிகிறது. வரவு உறுதியில்லாத இடத்தில் ஆற்றியிருத்தலுக்குப் பொருளில்லை.

கடல்வழிச் செலவு மகளிரொடு நிகழ்வதில்லை என்று கொள்ளத்தக்க நூற்பா ஒன்றும் அகத்திணையியலில் உண்டு. ‘முந்நீர்’ என்பதற்குக் கடல் என்றும் மூவகைத் தன்மை என்றும் உரைமரபில் இருவேறு பொருள் கூறப்பட்டுள்ளன. எவ்வாறு கொள்ளினும், பொருள் தேடச் செல்பவன் தனியே செல்கிறான், மனை ஊரில் நிற்கிறது என்னும் அமைப்பு மாறுவதில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியிலும் பர்மா, மலாயா, சுமத்திரா முதலிய நாடுகளில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் நடத்திய வட்டிக்கடைகளின் பணிமுறை இவ்வமைப்பை ஏறத்தாழ அப்படியே கொண்டிருந்தது. அம்முறையைப் பின்பற்றிப் பிற சமூகத்தாரும் கடை நடத்தினர். முகவர் பெரும்பாலும் மூன்றாண்டுத் தவணைக்கு அனுப்பப்பட்டார். சம்பளம் தவணைக்கு இவ்வளவு என்று பேசப்பட்டு, ஒரு பகுதி முன்பணமாகத் தரப்பட்டது. மனைவி மக்கள் ஊரில் இருந்தனர். தவணை முடிந்ததும் கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்பிச் சில காலம் தங்கி, மீண்டும் புறப்படுவதே வழக்கம். இலக்கண நூல் விதித்ததை இவ்வணிகர் தெரிந்தே பின்பற்றினர் என்பது இதன் கருத்தன்று. பிரிவைக் கால எல்லையால் தாங்கும்படியாக்குவது என்னும் ஒரே தேவையை இரண்டும் எதிர்கொண்டன என்பதே இங்குக் கொள்ளத்தக்கது.

3. வினைக்களம் என்னும் வெற்றிடம்

பொருள்வயிற் பிரிவைப் பாடும் அகப்பாடல்களில் தலைவன் கடந்துசெல்லும் வழி மிக விரிவாகக் காட்டப்படுகிறது. வெயிலும் வறண்ட சுனையும் ஆறலைப்போரும் அங்கு உண்டு. ஆனால் அவன் சென்று சேரும் இடத்தில் என்ன தொழில் செய்தான், யாரிடம் செய்தான், பொருள் எவ்வாறு ஈட்டப்பட்டது என்பன பெரும்பாலும் கூறப்படுவதில்லை. வேந்துவினைக்குப் பாசறை என்னும் களம் பாடல்களில் உண்டு. பொருள் ஈட்டலுக்கு அத்தகைய களம் இல்லை. இவ்வெற்றிடத்தைச் சிங்காரத்தின் நாவல்கள் நிரப்புகின்றன.

பெட்டியடிப் பையன், அடுத்தாள், மேலாள் என்னும் படிநிலை இந்நாவல்களில் ஒரு பின்னணித் தகவலாக மட்டும் வருவதில்லை. மாந்தரின் பேச்சு, நடத்தை, தன்மதிப்பு அனைத்தும் இப்படிநிலையால் உருவாகின்றன. சிறுவனாகச் சென்றவன் ஏவலும் கணக்கும் பழகி, அடுத்தாளாகி, மேலாளாகி, ஒருநாள் சொந்தக் கடை வைப்பது என்பதே அவர்கள் அறிந்த வாழ்க்கைக் கதை. ‘ஆவன்னா’, ‘வானாயீனா’ என விலாச எழுத்துகளாலேயே மனிதர் அழைக்கப்படுவதும் கவனத்துக்குரியது. வேற்றூரில் ஒருவனுடைய பெயரைவிடக் கடையின் அடையாளமே முன்நிற்கிறது.

‘கடலுக்கு அப்பால்’ நாவலின் மோதல் இந்தப் பணியமைப்பிலிருந்தே எழுகிறது. பினாங்கில் வயிரமுத்துப் பிள்ளையின் கடையில் பணியாற்றும் செல்லையா, முதலாளியின் மகள் மரகதத்தை விரும்புகிறான். திறமையான கடையாளாக இருந்தவரை அவனை ஏற்கும் நிலையில் இருந்த முதலாளி, இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து திரும்பிய அவனை ஏற்க மறுக்கிறார். இம்மறுப்பைச் சாதாரணக் காதல் தடையாகக் கொள்ளுதல் பொருந்தாது. துப்பாக்கி பிடித்த கை இனிப் பேரேட்டுக்குப் பணியாது என்பது முதலாளியின் கணிப்பு. வட்டித் தொழிலுக்குத் தேவையான பணிவும் பொறுமையும் அவனிடம் அழிந்துவிட்டன என்று அவர் கருதுகிறார். அவருடைய தொழில் நோக்கில் அது தவறான கணிப்பும் அன்று. அவரைக் கொடியவராகக் காட்டாமல் இம்மறுப்பை எழுதியிருப்பதில் நாவலின் நேர்மை புலப்படுகிறது.

4. தவணை முறிதல்

1941 டிசம்பரில் ஜப்பானியர் பினாங்கைக் கைப்பற்றினர். 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச்சில் மெடான் அவர்கள் வசமாயிற்று. தமிழகத்துக்கும் மலாயா, சுமத்திரா நாடுகளுக்கும் இடையிலான கப்பல் போக்குவரவு நின்றது; கடிதமும் பணமும் நின்றன. இவ்வரலாற்றை நாடு பிடித்தலாகவும் விடுதலைப் போராகவும் நாம் பேசுகிறோம். வட்டிக்கடைப் பணியாளரின் நோக்கில் நிகழ்ந்தது வேறொன்று: அவர்களுடைய தவணைக்கு முடிவு இல்லாமற் போயிற்று. மூன்றாண்டுக்கு என்று வந்தவர்கள் எவ்வளவு காலம் இருப்போம் என்று கூற இயலாதவர்கள் ஆயினர்.

‘புயலிலே ஒரு தோணி’ மெடானில் ஜப்பானியர் நுழைவதிலிருந்து தொடங்குவது இதனாலேயே பொருளுடையதாகிறது. ஊரில் இருந்த வாழ்வும் புறப்பாடும் பின்னர் நினைவாகவே வருகின்றன. பாண்டியனுடைய கதை தவணை முறிந்த கணத்திலிருந்து தொடங்குகிறது. தொங்கானில் பினாங்கு செல்லும் பயணமும் நடுக்கடற் புயலும் நாவலுக்குப் பெயர் தந்தன. அத்தோணி ஊருக்குச் செல்வதன்று. வேற்று நிலத்திலிருந்து மற்றொரு வேற்று நிலத்துக்குச் செல்வது என்பதை வாசகர் எளிதில் மறந்துவிடுகின்றனர்.

இதன்பின் பாண்டியன் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்கிறான். ஜப்பான் சரணடைந்த பிறகு, 1945 ஆகஸ்டு 17இல் விடுதலை அறிவித்த இந்தோனேசியாவில் டச்சுப் படைக்கு எதிரான கெரில்லாப் போரில் ஈடுபடுகிறான். தொல்காப்பியச் சொற்களில் கூறினால், பொருள்வயிற் பிரிந்தவன் பகைவயிற் பிரிந்தவனாக மாறுகிறான். ஆயினும் ஓராண்டு எல்லை விதிக்கும் வேந்தன் இங்கு இல்லை. முதற் போர் அவன் நாட்டுக்காக வேற்று மண்ணில் நடந்தது. இரண்டாம் போர் வேற்று நாட்டுக்காக நடந்தது. ஊர் திரும்பும் விருப்பம் வலுப்பட்ட நிலையில் அவன் இந்தோனேசிய மண்ணிலேயே உயிர்விடுகிறான். இம்முடிவைச் சாகச வீரனின் இறப்பாக வாசிப்பது ஒரு முறை. முடிக்க இயலாத பணிக்கணக்கின் முடிவாக வாசிக்கும்போது நாவலின் முற்பகுதியும் பிற்பகுதியும் ஒன்றோடொன்று இணைகின்றன.

இவ்விணைப்புக்கு நாவல் தரும் முதன்மையான சான்று பாண்டியனின் நினைவோட்டம். மதுரையின் வீதிகளும் கடைகளும், சின்னமங்கலத்தின் சந்தையும் அங்குக் கூடும் மனிதரும் அவன் மனத்தில் வரிசையாக வருகின்றன. இவ்வரிசையில் ஏக்கத்தின் மிகைச்சொற்கள் குறைவு. பெயர்களும் பொருள்களும் இடங்களும் ஒன்றன்பின் ஒன்றாக, பேரேட்டில் பதியப்படுவதைப் போலப் பதியப்படுகின்றன. திரும்ப இயலாதவன் ஊரைச் சரிபார்த்துக்கொள்கிறான். தமிழ்ப் பெருமை பற்றிய விவாதங்களில் வெளிப்படும் கேலியும் இந்த இடத்திலிருந்தே பிறக்கிறது. பழம்பெருமை பேசுவோருக்கும் வட்டிக் கணக்கு எழுதிப் பிழைப்போருக்கும் இடையிலுள்ள தொலைவை வேற்று மண்ணில் நின்று பார்க்கும் ஒருவனின் கேலி அது.

5. காத்திருப்போர் குரல்

அகமரபில் பிரிவின் துயரை மிகுதியும் பேசுபவள் தலைவி. அவளுக்காகப் பேசுபவள் தோழி. சிங்காரத்தின் நாவல்களில் பிரிவைப் பேசுபவன் பிரிந்து சென்றவன். இம்மாற்றம் வினைக்களத்தைக் காட்ட உதவியது. ஆனால் அதற்கு விலையும் உண்டு. போர்க்காலத்தில் பணமும் கடிதமும் நின்ற வீடுகளில் பெண்கள் எவ்வாறு வாழ்ந்தனர், கடனை யார் அடைத்தனர், சென்றவன் உயிரோடு இருக்கிறானா என்று அறியாமல் எத்தனை ஆண்டு கழிந்தன என்னும் கேள்விகளுக்கு ‘புயலிலே ஒரு தோணி’யில் இடம் மிகக் குறைவு. ‘கடலுக்கு அப்பால்’ காட்டும் காமாட்சியம்மாளும் மரகதமும் கடல் கடந்து வாழும் பெண்கள். அவர்களும் தந்தையின், கணவனின் முடிவுக்கு உட்பட்டவர்களாகவே நிற்கின்றனர்.

கடையுலகம் ஆண்களின் உலகம் என்பதால் இது இயல்பே என்று கூறி இக்குறையைக் கடந்துவிடலாம். அவ்விளக்கம் போதாது. தவணை முறிவதை மையமாகக் கொண்ட ஒரு படைப்பில், அம்முறிவின் மறுபாதி நிகழ்ந்த இடம் ஊர். பாண்டியனின் நினைவில் வரும் மதுரையும் சின்னமங்கலமும் அவன் விட்டுவந்த நாளில் உறைந்து நிற்கின்றன. போர்க்கால மதுரை அவனுக்குத் தெரியாது; நாவலும் காட்டுவதில்லை. நினைவின் துல்லியத்தைப் பாராட்டும் திறனாய்வு இந்த உறைநிலையையும் குறிப்பிடுதல் வேண்டும்.

6. முடிவுரை

இதுவரை கூறியவற்றிலிருந்து மூன்று முடிவுகளைப் பெறலாம். ஒன்று, சிங்காரத்தின் நாவல்களைப் புலம்பெயர் இலக்கியம் என்னும் பொதுப்பெயரில் அடக்குவதைவிட, பொருள்வயிற் பிரிவின் நவீன வடிவமாகக் காண்பது அவற்றின் அமைப்பை நன்கு விளக்குகிறது. இரண்டு, அகமரபு காட்டாத பொருளீட்டும் களத்தை அவை காட்டுகின்றன. போரும் சாகசமும் அக்களம் குலைந்ததன் விளைவுகளே. மூன்று, காத்திருப்போரின் குரலை அவை விட்டுவிட்டன. அவ்விடுபடலை நிரப்புவது பிற்காலப் படைப்புகளின் கடமையாக எஞ்சுகிறது.

தவணை முறிதல் 1942உடன் முடிந்த செய்தியன்று. 1990இல் ஈராக் குவைத்தைக் கைப்பற்றியபோதும், 2020இல் பெருந்தொற்றால் வானூர்திகள் நின்றபோதும், பணி ஒப்பந்தத்தில் சென்ற பல்லாயிரம் பேர் திரும்பும் நாள் அறியாதவர் ஆயினர். அவர்களுடைய வீடுகள் திருநகரிலும் சிங்கம்புணரியிலும் இருந்தன, இன்றும் உள்ளன. அவ்வனுபவங்களை எழுதவும் மதிப்பிடவும் புலம்பெயர்வு என்னும் சொல் ஒன்றே போதாது. சென்றவரின் கையில் இருந்த தவணை எவ்வளவு, அது யாரால் முறிந்தது, முறிந்தபோது யார் யார் கணக்கில் அந்த இழப்பு எழுதப்பட்டது என்னும் கேள்விகளோடு நம் வாசிப்பு தொடங்குதல் வேண்டும்.