சுண்டுக்குச்சி எங்கே?

ஒரகடத்தில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில், பிரஸ் ஷாப்பில் ஆறு வருஷமாக வேலை பார்க்கிறேன். போன வருஷ மெடிக்கல் செக்கப்பில் காது டெஸ்ட்டும் இருந்தது. கதவு சாத்திய சின்ன அறையில் ஹெட்ஃபோன் மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். முடிந்ததும் ஒரு கிராஃபைக் கையில் கொடுத்தார்கள். கோடு ஓரளவு நேராகப் போய், 4000 ஹெர்ட்ஸில் மட்டும் பள்ளத்தில் இறங்கி, 8000இல் மறுபடி ஏறியது. "சத்தத்துல வேலை பாக்கறவங்களுக்கு முதல்ல அடி விழற இடம் இதாம்பா. பிளக்கை ஒழுங்கா போடு" என்றார் டாக்டர்.

எனக்குக் கவலை பாட்டைப் பற்றித்தான். அந்த 4000 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் பாட்டில் என்ன இருக்கிறது என்று தேட ஆரம்பித்தேன். 'ச', 'த', 'ட' போன்ற மெய்யெழுத்துகளின் தெளிவு அந்தப் பக்கம்தான் பெரும்பாலும் இருக்கிறது. ஜால்ராவின் ஓரம், கிடார் கம்பியை நகம் தொடும் ஒலி, அப்புறம் பறையில் சுண்டுக்குச்சி விழும் அந்த 'சளீர்', எல்லாம் அங்கேதான். மனிதக் காது இயல்பிலேயே 2000க்கும் 5000க்கும் இடையில்தான் ரொம்பக் கூர்மை. எனக்கு மழுங்கியிருப்பது அந்தக் கூர்மை.

இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் ஒரு விஷயம் உறைத்தது. நாம் பாட்டைப் பற்றி நிறைய எழுதுகிறோம். ராகம், வரிகள், அரசியல், எந்தப் படத்திலிருந்து சுட்டது என்பது வரை எழுதுகிறோம். மிக்ஸிங் பற்றி மட்டும் எழுதுவதில்லை. நாற்பது அறுபது ஒலித்தடங்களில் எது முன்னால் நிற்கணும், எது பின்னால் போகணும், எது இருந்தும் இல்லாமல் போகணும் என்று ஒருவர் முடிவெடுக்கிறார். பாட்டில் யார் பேசுகிறார் என்பதையே அந்த முடிவு மாற்றிவிடும். அதை 'டெக்னிக்கல்' என்று சொல்லி விமர்சனத்துக்கு வெளியே வைத்திருக்கிறோம்.

படப்பை பக்கம் நண்பன் ஒருத்தன் மொட்டைமாடி அறையை ஸ்டூடியோவாக்கி வைத்திருக்கிறான். சுவரில் பழைய மெத்தைகள், ஒரு லேப்டாப், இரண்டு மைக். ரெக்கார்டிங் எல்லாம் ராத்திரியில்தான். அப்பவும் வண்டலூர்–வாலாஜாபாத் ரோட்டில் கன்டெய்னர் லாரி போனால் மைக்கில் விழும். நிறுத்திட்டு மறுபடி ஆரம்பிக்கணும். கான்ட்ராக்ட் தொழிலாளர்களைப் பற்றி ஒரு பாட்டு. சுங்குவார்சத்திரம் பக்கத்திலிருந்து ஒரு அண்ணன் பறை வாசிக்க வந்தார். மாடியில் காகிதத்தைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சினார். அறைக்குள் வந்து அவர் அடித்த முதல் அடியிலேயே ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

இரண்டு வாரம் கழித்து முடிந்த பாட்டைப் போட்டுக் காட்டினோம். கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும், "நல்லாருக்கு தம்பி. ஆனா குச்சி எங்க?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. பறை கேட்டுக்கொண்டுதானே இருந்தது? "அடிக்குச்சி கேக்குது. சுண்டுக்குச்சியக் காணோம். அது இல்லாட்டி இது பறை இல்ல, பேரலு" என்றார்.

குச்சி எங்கே போனது என்று அப்புறம் நண்பன் விளக்கினான். பறையின் அடி ஒரு நொடியில் சில ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்கு ஊசிபோல உயரும். அந்த ஊசிதான் சுண்டுக்குச்சி. பாட்டு மொத்தமும் சத்தமாகக் கேட்கணும் என்றால், ஊசியை வெட்டினால்தான் மற்றதை மேலே தூக்க முடியும். லிமிட்டர் செய்யும் வேலை அதுதான். எல்லா உச்சியையும் ஒரே மட்டத்துக்குச் சீவி, மிச்சத்தை ஏற்றிவிடும். பிரஸ் ஷாப் என் காதுக்குச் செய்ததும் கிட்டத்தட்ட இதுதான்.

இது எப்போதும் இப்படி இல்லை. இளையராஜா பிரசாத் ஸ்டூடியோவில் பதிவு செய்த காலத்தில், எல்லா வாத்தியத்துக்கும் நோட்ஸ் எழுதிக் கொடுத்து, கலைஞர்கள் ஒன்றாக உட்கார்ந்து வாசிப்பார்கள். ஒருவர் தப்பினால் எல்லோரும் மறுபடி ஆரம்பிக்கணும். பாதி மிக்ஸிங் அந்த அறையிலேயே நடந்துவிடும். வயலின் வரிசை எவ்வளவு தள்ளி, தபேலா எவ்வளவு கிட்ட என்பதும், பாடுகிறவர் வரும்போது வாசிக்கிறவர் கையை எவ்வளவு தணிக்கிறார் என்பதும் சேர்ந்துதான் ஒலியின் அளவைத் தீர்மானித்தன. அந்த விட்டுக்கொடுத்தல் மனிதர்களுக்குள் நடந்தது.

1989இல் ஏ.ஆர். ரஹ்மான் வீட்டுக்குப் பின்னால் பஞ்சதன் ரெக்கார்ட் இன் ஸ்டூடியோவைக் கட்டினார். 1992இல் 'ரோஜா' வந்தது. வாத்தியங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக, தனித்தனி நாளில் பதிவாகலாம் என்றானது. ஒருவரை ஒருவர் பார்க்காமலே ஒரே பாட்டில் வாசிக்கலாம். அவர்களுக்குள் நடந்த விட்டுக்கொடுத்தல் இப்போது ஃபேடரைப் பிடித்தவரின் கைக்குப் போனது. அந்தக் கை எச். ஸ்ரீதருடையது மாதிரி இருந்தால் பாட்டுக்கு அதிர்ஷ்டம். ஒலிப்பதிவுக்காகத் தேசிய விருதுகள் வாங்கியவர், 2008இல் மறைந்தார். ரஹ்மான் கேசட் அட்டைகளில் வாத்தியக் கலைஞர்கள், ஒலிப்பொறியாளர்கள் பெயரைப் போட்டதை இந்த இடத்தில் வைத்துத்தான் பார்க்கிறேன். அதிகாரம் யார் கைக்குப் போனதோ, அவர் பெயர் நமக்குத் தெரியணும் இல்லையா?

பறையின் பிரச்சினை இங்கே கூர்மையாகிறது. பறை திறந்தவெளியின் வாத்தியம். மைக் இல்லாமலே தெருவை நிரப்பும். 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதன்முதலாக மேடையேறியபோது கானாவும் பறையும் எலக்ட்ரிக் கிடாரும் ஒரே வரிசையில் நின்றன. மேடையில் பறையை யாரும் பின்னால் தள்ள முடியாது. ஸ்டூடியோவில் ஒரு விரல் போதும். குத்துப்பாட்டு என்ற பேரில் வருகிற பல சினிமாப் பாட்டுகளில் பறை இருக்கும். ஆனால் குச்சி சீவப்பட்டு, சாம்பிள் டிரம்முக்குள் கரைந்து, வெறும் 'கிக்'காக இருக்கும். ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களின் வாத்தியத்தைப் பாட்டுக்குள்ளேயும் தள்ளி நிறுத்துகிறோம். வேண்டுமென்று யாரும் செய்வதில்லை. ஆனாலும் நடக்கிறது.

'என்ஜாய் எஞ்சாமி' (2021) எனக்கு முக்கியமாகப்படுவது இதனால்தான். அந்தப் பாட்டு யாருடையது என்று சண்டை பெரிதாக நடந்தது. பெயர் விஷயம் அற்பமில்லை என்பதற்கு அதுவும் சாட்சி. நான் சொல்வது அதன் ஒலியை. சந்தோஷ் நாராயணன் அதை அடைக்கவில்லை, நிறைய இடம் விட்டிருக்கிறார். அறிவின் குரல் ஒப்பாரிக்குள் போகும்போது என் பழுதான காதுக்கும் தாளமும் குரலும் தனித்தனியாகக் கேட்கின்றன. எதையும் சீவாமல் ஒலியை முன்னால் கொண்டுவர ஒரு வழி இருக்கிறது: மற்றதைக் குறைப்பது.

ஆனால் சத்தத்தை வெறுமனே திட்டிவிட்டுப் போகவும் முடியாது. நான் பாட்டு கேட்பது கம்பெனி பஸ்ஸில். சி ஷிஃப்ட் முடிந்து காலை ஆறு மணிக்கு ஏறினால், இன்ஜின் உறுமலில் பாட்டின் அடித்தளமும் மெல்லிய இடமும் மொத்தமாகப் போய்விடும். எல்லாம் ஒரே மட்டத்தில் இருக்கும் பாட்டுதான் அங்கே பிழைக்கும். ஏசி அறையில் நல்ல ஸ்பீக்கரில் கேட்கிறவர் 'டைனமிக்ஸ் போச்சு' என்று வருத்தப்படுவது எளிது. இந்த லிமிட்டர் ஒருவகையில் எங்களைப் போன்றவர்களுக்காகவும்தான் வேலை செய்கிறது. இன்னொரு பக்கம், ஸ்பாட்டிஃபை மாதிரியான செயலிகள் எல்லாப் பாட்டையும் ஏறத்தாழ மைனஸ் 14 லஃப்ஸ் என்ற ஒரே அளவுக்குக் கொண்டுவருகின்றன. சீவி ஏற்றிய பாட்டை அவை மறுபடி இறக்கிவிடும். ஏற்றினது இறங்கிவிடும், சீவினது திரும்ப வராது.

நாங்கள் மறுபடி உட்கார்ந்தோம். லிமிட்டரைத் தளர்த்தினோம். கம்ப்ரஸர் அந்த முதல் ஊசியை விட்டுவிட்டுப் பிடிக்கிற மாதிரி வைத்தோம். ஷேக்கரைத் தூக்கினோம், சின்த்தை 4000 பக்கம் கொஞ்சம் குறைத்தோம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் நண்பன் என்னைப் பார்த்தான். எனக்கு வித்தியாசம் சரியாகப் பிடிபடவில்லை. "என்னைக் கேக்காதடா, அண்ணனைக் கேளு" என்றேன். நான்காவது முறை போட்டபோது அண்ணனின் வலதுகை விரல்கள் தொடையில் தானாக ஆட ஆரம்பித்தன. அதோடு நிறுத்தினோம்.

மறுநாள் பஸ்ஸில் பக்கத்து சீட் அண்ணனிடம் ஒரு பக்க இயர்ஃபோனைக் கொடுத்தேன். மற்ற பாட்டுகளைவிட எங்களுடையது சத்தம் கம்மியாகத்தான் இருந்தது. அவர் நெற்றியைச் சுருக்கினார். "என்னப்பா, எங்கயோ கேக்குது" என்று சொல்லி, போனை என் கையிலிருந்து வாங்கி வால்யூமை ஏற்றினார். பிறகு பாட்டு முடியும்வரை பேசவில்லை.

நான் வலது காதைக் கிட்டே கொண்டுபோய்க் கேட்டேன்.